ஆண்டவரை நடுவில் வைத்து

என் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. இதைச் சொன்னால் என் சிநேகிதிகள், கொடுத்துவைத்தவள் என்று பெருமூச்சு விடுவார்கள். நான் சொன்னதைச் சரியாகக் கேட்க வேண்டும். பார்த்ததில்லை என்றுதான் சொன்னேன். அவர்கள் சண்டை போடும்போது என் கண் மூடியிருக்கும். மூடாவிட்டால் தொடையில் கிள்ளு விழும். எங்கள் வீட்டுச் சண்டை எல்லாம் சாயங்காலம் ஏழரை மணிக்கு, முழங்காலில் நின்று, கையைக் கூப்பி, ஆண்டவரை நடுவில் வைத்து நடந்த சண்டை.

மலேசியாவின் பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் நாங்கள் இருந்தோம். அப்பா பட்டர்வொர்த்தில் லோரி ஓட்டினார். காலையில் மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். அம்மாவுக்கு எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. பெரியவர்கள் இரண்டு பேரும் வேலை முடிந்து வந்து குளித்ததும் குடும்ப ஜெபம். ஜெபம் முடியாமல் சோற்றுப் பானையைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவர் யார் என்று தெரிந்தால் இன்றைக்கும் நாலு கேள்வி கேட்பேன்.

ஜெபத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அப்பா, பிறகு அம்மா, பிறகு நான், கடைசியில் தம்பி. அப்பா நன்றாகத்தான் ஆரம்பிப்பார். அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நாளைக் காணக் கிருபை செய்தீரே என்று ஒழுங்காகப் போகும். நடுவில் குரல் மாறும். முந்தின நாள் மீன் குழம்பில் உப்பு கூடிப்போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனுஷன், ஆண்டவரே, நீர் கொடுக்கிற ஆகாரம் எப்படி இருந்தாலும் முறுமுறுக்காமல் புசிக்கிற இருதயத்தைத் தாரும் என்று உருக்கமாகக் கேட்பார். அம்மா தன் முறை வருகிறவரைக்கும் பொறுத்திருப்பாள். வந்ததும், நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்துவிட்டு வந்து சமைக்கிற கைகளைப் பலப்படுத்தும் ஆண்டவரே, உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு நன்றியுள்ள நாவைத் தாரும் என்பாள். இரண்டுக்கும் நாங்கள் ஆமென் சொல்ல வேண்டும்.

அம்மா இரண்டாவதாக ஜெபித்ததால் கடைசி வார்த்தை எப்போதும் அவளுடையதாகவே இருந்தது. இதை அப்பா கண்டுபிடிக்கக் கொஞ்ச காலம் ஆகியிருக்கும். கண்டுபிடித்ததும், வீட்டுத் தலைவன்தான் முடிவு ஜெபம் செய்ய வேண்டும் என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அம்மா சொன்னதற்கெல்லாம் முடிவு ஜெபத்தில் பதில் வந்தது. எல்லாம் முடிந்து பரமண்டல ஜெபம் சொல்லி எழுந்திருக்கும்போது எனக்குக் கால் மரத்துப்போயிருக்கும். தம்பி பாதி நாள் அப்படியே சரிந்து தூங்கியிருப்பான். ஆனால் இவர்கள் இருவரும் ஒன்றுமே நடக்காதவர்கள் மாதிரி எழுந்திருப்பார்கள். அப்பளம் பொரிக்கட்டுமா என்று அம்மா கேட்பாள், பொரியேன் என்று அப்பா சொல்வார்.

எங்களையும் விட்டுவைக்கவில்லை. என் வகுப்பாசிரியை அம்மாவுக்கு போன் செய்த விஷயமே எனக்கு ஜெபத்தில்தான் தெரியவரும். பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிற சோதனையிலிருந்து இந்தச் சிறுமியை விடுவியும் என்று அம்மா சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் எரியும். அவள்தான் என்னைப் பார்த்து எழுதினாள் என்று சொல்ல முடியாது. ஜெபத்தின் நடுவில் வாய் திறந்தால் அது ஆண்டவரையே எதிர்த்துப் பேசினதாகும். என்மேல் சுமத்தின குற்றத்துக்கு நானே ஆமென் சொல்லிவிட்டு, இன்னும் பசியோடு நிற்க வேண்டும். இந்தக் கொடுமையை எந்தப் பிள்ளையாவது பட்டிருக்குமா என்று அப்போது நினைப்பேன். சபையில் மற்ற வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டபோது, எல்லா வீட்டிலும் இதே கதைதான் என்று தெரிந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். புழுக்கத்துக்காக எல்லா வீட்டிலும் மரக்கதவைத் திறந்து இரும்புக் கதவை மட்டும் சாத்திவைப்போம் என்பதால், எங்கள் வீட்டு ஜெபம் அவர் வீட்டு வரவேற்பறையில் தெளிவாகக் கேட்கும். ஏழரை மணிக்கு அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். மரியாதைக்காகக் குறைக்கிறார் என்று அம்மா சபையில் சொல்லிப் பெருமைப்பட்டாள். மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, நேற்று உங்கள் அப்பா கடைசியில் என்ன கேட்டார், கீழே போன மோட்டார் சைக்கிள் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று அவர் என்னைப் பிடித்து விசாரித்தது அம்மாவுக்குத் தெரியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கிற ஜொகூர் பாருவிலிருந்து பெரியப்பா போன் செய்தார். சிங்கப்பூரில் கொள்கலன் லோரி ஓட்ட ஆள் தேடுகிறார்கள், நல்ல வேலை, தன் வீட்டிலேயே தங்கிக்கொண்டு தினமும் பாலத்தைத் தாண்டிப் போய் வரலாம் என்றாராம். பினாங்குக்கு ஒரு மாதத்துக்கு ஒரு தரமோ இரண்டு மாதத்துக்கு ஒரு தரமோதான் வர முடியும். இதையெல்லாம் அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து சொன்னாரா என்றால், அதுதான் இல்லை. மாடிப்படியில் நின்று போன் பேசிவிட்டு உள்ளே வந்தார், குளித்தார், முழங்காலில் நின்றார்.

“ஆண்டவரே, நீர் ஒரு கதவைத் திறந்தா, அதை எந்த மனுஷரும் பூட்டாதபடி காத்துக்கொள்ளும்” என்றார்.

அம்மாவுக்கு யாரும் எதையும் விளக்கத் தேவையில்லை. பெரியப்பாவின் போன் வந்தது, அப்பா வெளியே போய்ப் பேசினார், அது போதும்.

“ஆண்டவரே, தெறந்து கெடக்குற கதவெல்லாம் நீர் தெறந்த கதவுன்னு நெனைச்சி யாரும் ஓடிடாதபடி காத்துக்கொள்ளும்” என்றாள்.

என்ன கதவு, யார் ஓடுகிறார்கள் என்று தெரியாமல் நானும் தம்பியும் ஆமென் சொன்னோம். விவரம் எல்லாம் அடுத்தடுத்த நாட்களில் தவணை தவணையாக வந்தது. அப்பா நம்மை விட்டுப் போகப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. அவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அவர் இன்னும் போவதாகவும் சொல்லவில்லை, இருப்பதாகவும் சொல்லவில்லை. பள்ளி விடுமுறை முடிவதற்குள் வேலையில் சேர வேண்டும் என்று பெரியப்பா கெடு வைத்திருந்தார்.

அந்த நாட்களின் ஜெபம் சாதாரண நாட்களைவிட இரண்டு மடங்கு நீண்டது. அப்பா தன் முதுகு வலியைப் பற்றிச் சொன்னார். தனக்குப் பின்னால் வேலைக்கு வந்த பையன் தனக்கு மேலே உட்கார்ந்திருப்பதைச் சொன்னார். பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டிய காலம் வருகிறது என்றார். ஒரு நாள் எனக்குப் பயமாக இருக்கிறது ஆண்டவரே என்றார். தனியாக உட்கார்ந்து சாப்பிட எனக்குத் தெரியாதே என்றார். அப்பா அழுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்து கண்ணை லேசாகத் திறந்தேன், அம்மா கிள்ளினாள்.

அம்மா ஒரு நாள் தன் தகப்பனைப் பற்றிச் சொன்னாள். அவர் கப்பலில் வேலை பார்த்தவர் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். பட்டர்வொர்த் பக்கத்தில் பாகான் டாலாமில் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நெடுநாள் கழித்து அவர் வீட்டுக்கு வந்து நின்றாராம். அம்மா அவரைப் பார்த்து, உட்காருங்க அங்கிள், அம்மா கடைக்குப் போயிருக்காங்க என்றாளாம். அப்படி ஒரு வீடு என் பிள்ளைகளுக்கு வேண்டாம் ஆண்டவரே என்றாள். அதை அதற்கு முன்னாலும் அவள் யாரிடமும் சொன்னதில்லை, பின்னாலும் சொன்னதில்லை. நான் அப்போது என் முழங்காலுக்குக் கீழே வந்து கடித்துக்கொண்டிருந்த கொசுவை எப்படி அடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாஸ்டர், முழு இருதயத்தோடு ஜெபிப்பது எப்படி என்று பிரசங்கம் செய்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த ஒரு பிரசங்கத்தை அவர் வேறு எந்த வாரத்திலாவது செய்திருக்கலாம். ஒரு கடையில் ரொட்டி சானாய்க்குச் சொல்லிவிட்டு, வருமோ வராதோ என்று பக்கத்துக் கடையிலும் ஒன்று சொல்லிவைக்கிறவன் எந்தக் கடைக்காரனையும் நம்பாதவன் என்றார். அதுபோல ஆண்டவரிடம் ஒன்றைக் கேட்டபிறகு மனுஷனிடமும் போய்க் கேட்கிறவன் அரை மனசுக்காரன், அவனுக்கு ஒன்றும் கிடைக்காது என்றார். சபை முழுக்க அல்லேலூயா என்றது. அப்பாவும் அம்மாவும் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலமே அப்பா அந்தப் பிரசங்கத்தைக் கையில் எடுத்தார். தான் போக வேண்டாம் என்பது ஆண்டவருடைய சித்தமானால், தன் மனைவி தானாகவே வாய் திறந்து, போக வேண்டாம் என்று சொல்லட்டும், தான் அவளிடம் கேட்கப் போவதில்லை, முழு மனதோடு ஆண்டவரிடம் விட்டாயிற்று என்று ஜெபித்தார். அம்மா விடுவாளா? தன் புருஷன் இருப்பது ஆண்டவருடைய சித்தமானால் அவர் தானாகவே வாய் திறந்து, போகவில்லை என்று சொல்லட்டும், தான் அவரிடம் கேட்கப் போவதில்லை, தன் பங்குக்கும் முழு மனதோடு ஆண்டவரிடம் விட்டாயிற்று என்றாள். அப்பா முடிவு ஜெபத்தில், அவரவர் விசுவாசத்தின்படியே ஆகட்டும் என்று முடித்தார்.

நீங்களே சொல்லுங்கள். இவர் கேட்பது அவள் காதில் விழுகிறது. அவள் கேட்பது இவர் காதில் விழுகிறது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. போகாதீங்க என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது, போகவில்லை என்று இவர் ஒரு வார்த்தை சொன்னாலும் தீர்ந்தது. இரண்டு பேரும் ஆண்டவர் வந்து மற்றவர் வாயைத் திறப்பார் என்று காத்துக்கொண்டு நிற்கிறார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு மண்டை காய்கிறது.

பகலில் இவர்களைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும். அவ்வளவு மரியாதை. பசாரில் கெம்போங் மீன் வாங்கட்டுமா, உனக்கு எது பிடிக்குமோ வாங்கு. மழை வரும் போலிருக்கு, துணியை எடுக்கட்டுமா, எடேன். பெரியப்பா மறுபடி மறுபடி போன் செய்தார். அப்பா ஒவ்வொரு தடவையும், இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறோம் அண்ணே என்றார். பெரியப்பாவும் விசுவாசிதான் என்பதால் அவரால் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பாஸ்டர் எங்களைச் சந்திக்க வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. மைலோ கொடுத்தோம், பிஸ்கட் வைத்தோம், லிஃப்ட் மறுபடி கெட்டுப்போனதைப் பற்றிப் பேசினோம். விசேஷமான ஜெபக் குறிப்பு ஏதாவது உண்டா என்று அவர் கேட்டார். இப்போது வெடிக்கும் என்று நான் காத்திருந்தேன். அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா பிஸ்கட் தட்டைப் பார்த்தாள். அப்படி ஒன்றும் இல்லை பாஸ்டர், எல்லாவற்றையும் கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டோம் என்று இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒன்றாகவே சொன்னார்கள். பாஸ்டருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒருமனப்பட்டு ஜெபிக்கிற தம்பதிகளைப் பார்ப்பது அபூர்வம், உங்களைச் சபையில் சாட்சியாகச் சொல்லப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு சொல்லவும் சொன்னார்.

கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்கே தாங்கவில்லை. பள்ளி விடுமுறை ஆகையால் நான் மாடி நடைபாதையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் இரும்புக் கதவுக்கு உள்ளே நின்றபடி என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்காங்க? எதுக்குலா நடுவுல சாமிய போட்டு அலைய விடறாங்க? நேரா பேசிக்க வேண்டியதுதானே?”

எனக்கு உறைத்தது. இதைத்தான் நான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், வார்த்தை கிடைக்காமல் இருந்தேன். நேராகப் பேசிக்கொண்டால் போதும். பேசினால் அம்மா போகாதீங்க என்பாள், அப்பா சரி என்பார், முடிந்தது. அப்பாவிடமோ அம்மாவிடமோ போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பெரியவர்கள் விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்று அடி விழும். ஆனால் எனக்கும் ஒரு முறை இருக்கிறதே. அந்த முறையில் நான் என்ன கேட்டாலும் யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது. இவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த வித்தைதானே இது.

அதுவரைக்கும் என் ஜெபம் ஒரு வரிதான். நல்ல சுகம் தாங்க, நல்ல ஞானம் தாங்க, ஆமென். அன்று சாயங்காலம் அப்பா நெடுநேரம் ஜெபித்தார், அம்மா அதைவிட நெடுநேரம் ஜெபித்தாள். என் முறை வந்தது. பாஸ்டர் சொன்னபடி கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லாமல், முழு மனதோடு கேட்டேன்.

“இயேசப்பா, அப்பாவும் அம்மாவும் ஒங்ககிட்ட சொல்றத நிறுத்திட்டு, ரெண்டு பேரும் நேரா பேசிக்கணும். அதுக்கு ஒதவி செய்ங்க. ஆமென்.”

யாரும் ஆமென் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் டிவி சத்தமே இல்லை. தம்பி மட்டும், அடுத்தது தன் முறை என்பதால், நல்ல சுகம் தாங்க என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தான். அப்பா முடிவு ஜெபம் செய்யவில்லை. நேராகப் பரமண்டல ஜெபத்துக்குப் போனார். அதையும் வேகமாகச் சொன்னார். எழுந்தபோது அம்மாவின் முகம் சிவந்திருந்தது. அடி நிச்சயம் என்று நினைத்தேன், விழவில்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு பேசினார். சத்தியமாக, அம்மாவின் முகத்தைப் பார்த்தே பேசினார்.

“வரேன்னு அண்ணன்கிட்ட சொல்லிடட்டா?”

“ஒங்க இஷ்டம்.”

“பிள்ளைங்கள பாத்துக்குவியா?”

“பாத்துக்காம?”

“அப்ப சொல்லிடறேன்.”

“ரசம் ஊத்தட்டா?”

அவ்வளவுதான். இரண்டு மாதமாக ஜெபத்தில் இழுத்த காரியம் ஒரு வாய் சோறு உள்ளே போவதற்குள் முடிந்துவிட்டது. ஒங்க இஷ்டம் என்கிற அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டுக்காரர் இப்போது மறந்தும் அதை என்னிடம் சொல்ல மாட்டார். ஆனால் அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்றால், இவர்கள் இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறார்கள், முக்கியமான விஷயத்தை இனிமேல்தான் பேசுவார்கள் என்று நினைத்தேன். அதற்கு இன்னும் நாள் இருக்கிறதே.

அன்றிலிருந்து ஜெபம் சுருங்கிவிட்டது. அப்பா நாட்டின் தலைவர்களுக்காகவும் மழைக்காகவும் ஜெபித்தார். அம்மா சபையில் இருக்கிற நோயாளிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். யாருக்கும் நன்றியுள்ள நாவு தேவைப்படவில்லை. கால் மரத்துப்போவதற்குள் எழுந்துவிட்டோம். இரண்டொரு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா என்னை நிறுத்தி, என்ன, இப்போதெல்லாம் உங்கள் வீட்டில் ஒன்றுமே கேட்கவில்லையே என்றார். நான் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஜெபித்தேன், ஆண்டவர் கேட்டுவிட்டார், இப்போது இரண்டு பேரும் நேராகத்தான் பேசிக்கொள்கிறார்கள் என்றேன். அக்கா, அப்படியா என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஏழரை மணிக்கு அவர் டிவி பழையபடி சத்தமாக ஓட ஆரம்பித்தது.

அவர்கள் நேராகப் பேசிக்கொண்டதும் உண்மைதான். இன்றுவரைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா பல வருஷம் கழித்து முதுகைக் கெடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். இடையில் அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தம்பி கேட்கிற முதல் கேள்வி, எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்பதாக இருந்தது. இப்போது நான் போய் உட்கார்ந்தால், மாத்திரை போட்டீர்களா, தண்ணீர் வரவில்லை, அந்த ரிமோட்டை எங்கே வைத்தாய் என்று காலையிலிருந்து இரண்டு பேர் வாயும் ஓயாது. மனசில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று பதில் வரும். கர்த்தரிடமாவது சொன்னீர்களா என்று கத்த வேண்டும் போலிருக்கும்.

அப்பா கிளம்பின நாளில் நாங்கள் எல்லோரும் ஃபெரியில் பட்டர்வொர்த்துக்குப் போனோம். பகல் பஸ். சுமைகளை ஏற்றிவிட்டு அப்பா கீழே இறங்கி வந்து எங்களோடு நின்றார். இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்று பேசினார்கள். முதுகுக்குப் பூசுகிற தைலம் எந்தப் பையில் இருக்கிறது என்று அம்மா சொன்னாள். சமையல் கேஸ் தோம்பு முடிந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அப்பா சொன்னார். போன் சார்ஜரை எடுத்தீர்களா, எடுத்தேன். தம்பிக்குக் கால் வளர்ந்துவிட்டது, பள்ளிக்கூடச் சப்பாத்து பெரிய அளவாக வாங்கு, சரி. நான் இவர் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ இப்போது சொல்லிவிடுவாள், இதோ இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். டிரைவர் ஏறி உட்கார்ந்து என்ஜினைப் போட்டார். அப்பா தம்பியின் தலையைத் தடவிவிட்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஏறினார். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க என்றாள் அம்மா. ம் என்றார் அப்பா. பஸ் போய்விட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. முழு மனதோடு கேட்டேன், கேட்டபடியே பேசவும் வைத்தார், பேசி என்ன பிரயோஜனம்? ஆண்டவர்மேல் வந்த கோபத்தை அவரிடம் காட்ட முடியாது. திரும்பி வருகிற ஃபெரியில் அம்மாவிடம் காட்டினேன். தம்பி அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். நீங்க ஒரே ஒரு வார்த்தை, போகாதீங்கன்னு சொல்லியிருந்தா அப்பா இருந்திருப்பாரு, ஏம்மா சொல்லல என்று அழுதுகொண்டே கேட்டேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கோபம் இல்லை, ஆச்சரியமாக இருந்தது போலத் தெரிந்தது.

“சொன்னேனே” என்றாள். “ரெண்டு மாசமா தெனமும் சொன்னேன். அவரும் சொன்னாரு.”

“அது ஆண்டவர்கிட்டதானே சொன்னீங்க” என்றேன் நான்.

அம்மா, தம்பி மடியிலிருந்து நழுவாமல் இழுத்துப் போட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். அவளிடம் பதில் இல்லை, நான் சரியாகத்தான் மடக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.